யூனிகார்னை ‘அப்படியே’ பிரவுசரில் கொண்டுவந்தாராம், அந்த 1 மெகாஹெர்ட்ஸ் எங்கே?

தகடூரான் (தர்மபுரி):
போன வாரம் மாங்காய்த்தோப்பு இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். எஸ்சிஎல் யூனிகார்ன் கம்ப்யூட்டருக்கு பிரவுசரில் ஓடும் எமுலேட்டர், அதாவது பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம், எழுதி முடித்துவிட்டாராம். கடைசி வரி இது: “நிஜ மெஷின் எப்படியோ அப்படியே. இம்மி வித்தியாசம் கிடையாது.” அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

யூனிகார்ன் தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் ஏகார்ன் கம்பெனி 1981இல் கொண்டுவந்த பிபிசி மைக்ரோவைத்தான் நம் நாட்டில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அந்தப் பெயரில் செய்தது. 6502 பிராசசர், 32 கேபி ரேம். என்னிடம் ஒன்று இருக்கிறது. காயலான் கடையில் எடைக்குக் கிடந்தது. பவர் சப்ளையில் புகைந்துபோன கண்டென்சரை மாற்றி நானே உயிர் கொடுத்தேன்.

அதிலும் எமுலேட்டரிலும் ஒரே லூப்பை ஓட்டிப் பார்த்தேன். ரேமில் ஓரிடத்தைப் பத்து லட்சம் தடவை படிக்க நிஜ மெஷினுக்குச் சுமார் 4.5 நொடி. முகவரியை மட்டும், கீபோர்டு, சத்தம் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் 6522 சிப்பின் டைமருக்கு மாற்றினால் 5 நொடி. எமுலேட்டரிலோ இரண்டுக்கும் 4.5தான். 6522 ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸில். அதைத் தொடும்போதெல்லாம் 2 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் காத்திருந்து, அதன் தாளத்தோடு சேர்ந்த பிறகுதான் நகரும். 9 கிளாக்கில் (பிராசசரின் ஒரு துடிப்பு ஒரு கிளாக்) முடிய வேண்டிய சுற்று 10 ஆகும். அந்த ஒரு கிளாக் எங்கே?

மாங்காய்த்தோப்பு (கிருஷ்ணகிரி):
அண்ணா, நாலு மாதம் ராத்திரி கண்விழித்து எழுதியது இது. திறந்து பார்த்ததும் பேசிக் மொழி ஓடுகிறது, எட்டுத் திரை மோடும் வருகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிபிசி மைக்ரோவின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். எந்தக் கையேட்டை வேண்டுமானாலும் புரட்டுங்கள். என் எமுலேட்டரும் 2 மெகாஹெர்ட்ஸ். அப்புறம் என்ன?

நிஜமான கஷ்டம் எங்கே தெரியுமா? பிபிசி திரை நொடிக்கு 50 தடவை வரையப்படும், ஒரு திரைக்கு 40,000 கிளாக். நம் லேப்டாப் திரை நொடிக்கு 60. பிரவுசர் கூப்பிடும்போதெல்லாம் ஒரு திரை வரைந்தால் மெஷின் ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் வேகமாக ஓடும். கடந்த நேரத்தை அளந்து, அதற்கு எத்தனை கிளாக்கோ அத்தனையை மட்டும் ஓட்டி, மிச்சத்தை அடுத்த சுற்றுக்குச் சேர்த்துவைக்க வேண்டும். வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால் சேர்ந்துகிடக்கும் நேரம் மொத்தமாகக் கொட்டாமல் தடுக்கவும் வேண்டும். இதெல்லாம் செய்தவனுக்குத்தான் தெரியும்.

தகடூரான்:
50, 60 பற்றி நான் கேட்கவே இல்லை. 5 நொடி ஏன் 4.5 ஆனது என்று கேட்டேன். 2 மெகாஹெர்ட்ஸ் என்று கையேட்டில் இருக்கிறது, சரி. 6522ஐத் தொட்டால் 1 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது பாதியை ஏன் படிக்கவில்லை?

பழைய வாத்தியார் (பாலக்கோடு):
1984இல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுத்தரும் கிளாஸ் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோதான் வந்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கும் வந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் அறைக்குள் வருவார்கள். ஒரு மெஷினைச் சுற்றிப் பத்துப் பேர். மோட் 7இல் தன் பெயர் பெரிய எழுத்தில் வண்ணமாக வந்ததும் ஒரு பையன் குதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நேற்று மாங்காய்த்தோப்பின் பக்கத்தைத் திறந்ததும் அந்த அறைக்கே போய்விட்டேன். எனக்கு அது அப்படியேதான் இருந்தது.

இருவரும் முதலில் ‘அப்படியே’ என்றால் என்ன என்று பேசி முடிவு செய்யுங்களேன். பார்க்கிறவர் கண்ணுக்கா, உள்ளே ஓடும் கிளாக்குக்கா?

தகடூரான்:
வாத்தியார் ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிவது போதுமென்றால் வீடியோ எடுத்துப் போட்டுவிடலாமே. கிளாக் சரியாக வரவேண்டும். நூறில் ஒரு பங்கு நொடியாக எண்ணினால் 500 வரவேண்டிய இடத்தில் 450 வருகிறது.

ஓசூர்க்காரன்:
எதற்கு இவ்வளவு சண்டை? மேட் காட்போல்ட் எழுதிய ஜேஎஸ்பீப் என்ற பிபிசி மைக்ரோ எமுலேட்டர் பல வருடமாக இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடுகிறது, இந்த 1 மெகாஹெர்ட்ஸ் சங்கதியும் அதில் இருக்கிறது. அதன் புரோகிராம் கோடும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு? அதிலிருந்து எடுத்துப் பெயரை மாற்றியிருப்பாரோ என்றுகூடத் தோன்றுகிறது. இந்தக் காலத்தில் பிரவுசரில் வேகமாக ஓடும் வெப்அசெம்ப்ளியை விட்டு ஜாவாஸ்கிரிப்ட்டில் யார் எழுதுவார்கள்?

மாங்காய்த்தோப்பு:
திருடினேன் என்று சொல்கிறீர்களா? 6502இன் 151 ஆப்கோடையும் (பிராசசருக்குப் புரியும் கட்டளைகள்) ஒன்றொன்றாக நானே எழுதினேன். நோட்டு என்னிடம் இருக்கிறது, காப்பிக் கறையோடு. பிராசசர் பத்தின் அடிப்படையில் கணக்குப் போடும் டெசிமல் மோடில் கூட்டல் தப்பாக வந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. எடுத்து ஒட்டியவனுக்கு அந்தத் தப்பு எதற்கு வரும்?

இன்னொன்று: ஜேஎஸ்பீப்பில் 1 மெகாஹெர்ட்ஸ் இருந்து என்னுடையதில் இல்லையென்றால், அதுவே போதாதா நான் எடுக்கவில்லை என்பதற்கு? வேகத்துக்கும் ஜாவாஸ்கிரிப்ட் தாராளமாகப் போதும். நொடிக்கு 20 லட்சம் கிளாக் இன்றைய செல்போனுக்குக் கூட ஒரு பொருட்டே கிடையாது.

தகடூரான்:
ஆக, உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள்: 1 மெகாஹெர்ட்ஸ் இல்லை.

மாங்காய்த்தோப்பு:
தேவையில்லை என்று சொல்கிறேன். கணக்குப் போடுங்கள். யூனிகார்ன் தன் வேலைக்காக நொடிக்கு 100 தடவை 6522இன் டைமரால் தட்டி எழுப்பப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் சிப்பைப் பத்து முறை தொடுகிறது, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சமாக 2 கிளாக் என்றே வையுங்கள். நொடிக்கு 2,000 கிளாக். 20 லட்சத்தில் 2,000, அதாவது ஆயிரத்தில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்றுக்கு இந்த ஆர்ப்பாட்டமா?

தகடூரான்:
“இம்மி வித்தியாசம் கிடையாது” என்று எழுதிய கைதானே இப்போது ஆயிரத்தில் ஒன்று என்று எழுதுகிறது? இம்மி என்பது அதைவிடச் சின்னது தம்பி.

கீபோர்டு 6522 வழியாகத்தான் வருகிறது, சத்தமும் அதன் வழியாகத்தான் போகிறது. 1984இல் வந்த எலைட் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே விண்வெளி கறுப்பு வெள்ளையில், கீழே டாஷ்போர்டு வண்ணத்தில். திரை பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே டைமரை எண்ணி மோடை மாற்றுகிறது. வெறும் 32 கேபியில் செய்த வித்தை அது. அதை எழுதியவர்கள் ஒவ்வொரு கிளாக்கையும் எண்ணித்தான் எழுதினார்கள். எண்ணாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. இந்தப் பொருளில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

அரூர் அக்கா:
நீங்கள் கிளாக்கையே பிடித்துக்கொண்டு தொங்குங்கள். ஆன் செய்ததும் முதலில் தாழ்வாக ஒரு சத்தம், உடனே ‘பீப்’ என்று ஒன்று வருமே, அது இந்த எமுலேட்டரில் எங்கே? எனக்கு யூனிகார்ன் என்றாலே அந்த இரண்டு சத்தம்தான்.

காரணமும் சொல்கிறேன். ஆள் ஒரு தடவை க்ளிக் செய்யும்வரை பிரவுசர் சத்தம் போட விடாது. பக்கம் திறந்ததும் மெஷின் தானாக ஓட ஆரம்பித்துவிடுவதால் சத்தம் வீணாகிறது. திரையில் ஒரு பவர் சுவிட்ச் படம் வையுங்கள். அதைத் தட்டினால் மெஷினும் ஓடும், சத்தமும் வரும்.

மாங்காய்த்தோப்பு:
அக்கா, இதுதான் உதவி. இன்றைக்கே வைக்கிறேன். குறை சொல்கிறவர்கள் இப்படிச் சொன்னால் என்ன? தர்மபுரிக்காரர்களுக்கு 2004இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து கிருஷ்ணகிரியில் எது நடந்தாலும் பொறுக்காது.

அரூர் அக்கா:
அரூர் தர்மபுரி மாவட்டம்தான். ஊரை இழுக்காதீர்கள்.

தகடூரான்:
பொறாமையா எனக்கு? இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கேசட் வயரை, அந்த ஏழு முனை டின் பிளக் போட்டதை, “ஒரு வாரத்தில் தருகிறேன் அண்ணா” என்று வாங்கிப்போனது யார்? இன்றுவரை வரவில்லை. நானே சால்டர் பிடித்துச் செய்த வயர் அது. அதை வைத்துத்தானே பழைய கேசட் டேப்புகளில் இருந்த புரோகிராம்களையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றினீர்கள்? பதிவில் ஒரு நன்றி உண்டா?

மாங்காய்த்தோப்பு:
வயரில் ஒரு முனை விட்டுப்போயிருந்தது. நான்தான் சரிசெய்தேன். கேட்டிருந்தால் மறுநாளே கொடுத்திருப்பேன். இதையெல்லாம் இங்கே இழுப்பது உங்கள் வயதுக்கு அழகில்லை.

தகடூரான்:
முனை விடவே இல்லை. நான் போட்ட சால்டர் விடாது.

ஓசூர்க்காரன்:
அப்போது வெப்அசெம்ப்ளி?

பழைய வாத்தியார்:
பிள்ளைகளா, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இந்த மெஷினுக்கு பேசிக் எழுதிய சோஃபி வில்சனும் அதன் வடிவமைப்பில் இருந்த ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்துதான் பிறகு ஆர்ம் பிராசசரை வடிவமைத்தார்கள். 1985இல் அதன் முதல் சிப்பை ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப்பார்த்தார்கள். நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் செல்போனுக்குள் இருப்பது அந்த வம்சம். அப்படிப்பட்ட மெஷினை நம் பிள்ளை ஒருவன் மறுபடி எழுப்பியிருக்கிறான்.

தகடூரான்:
அவ்வளவு பெரிய மெஷின் என்பதால்தான் ஐயா கேட்கிறேன். பாதியாக எழுப்பக்கூடாது.

மாங்காய்த்தோப்பு, ஞாயிற்றுக்கிழமை என் மெஷினை பாலக்கோட்டுக்கு வாத்தியார் வீட்டுக்கே கொண்டுவருகிறேன். நீங்கள் லேப்டாப்பைக் கொண்டுவாருங்கள், வயரையும் கொண்டுவாருங்கள். எல்லோர் முன்னாலும் லூப்பை ஓட்டுவோம். என்னுடையது 500 காட்டும்.

மாங்காய்த்தோப்பு:
வயரைக் கூரியரில் அனுப்பிவிடுகிறேன். நான் வரவில்லை. பிபிசி மைக்ரோ 2 மெகாஹெர்ட்ஸ்.

தகடூரான்:
6522ஐத் தொட்டால் 1.