கோழிகளுக்கு வால்பக்கம் மொட்டையாகிறது, ஒன்றையொன்று கொத்துகின்றன

காங்கயம் தோட்டத்துக்காரி:
எங்கள் தோட்டத்தில் 11 பெட்டை, ஒரு சேவல். இருபது நாளாக நாலு பெட்டைகளுக்கு வாலுக்கு மேலே இறகு போய்ச் செந்தோல் தெரிகிறது. கருப்பு வெடைக்கோழி மற்றதன் இறகைப் பிடுங்கி விழுங்குவதை நானே பார்த்தேன். நேற்று சாயங்காலம் செவலைக்கு ரத்தமே வந்துவிட்டது. அது எங்கள் ஆத்தா கடைசியாக அடைவைத்த ஈட்டில் பொரித்தது. அதற்கு ஏதாவது ஆனால் தாங்கமாட்டேன். நாய்த்தொல்லையால் ஒரு மாதமாக எல்லாவற்றையும் குடாப்பிலேயே (கோழிக்கூண்டில்) அடைத்திருக்கிறேன். 6 அடிக்கு 5 அடி. தீனி சோளமும் அரிசி நொய்யும்தான். இது நோயுங்களா, இறகு உதிர்கிற பருவமா?

கோபி அண்ணன்:
பருவத்து உதிர்வு தலை, கழுத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும். சேவல் மிதித்தால் நடுமுதுகு தேயும். வால்பக்கம் மட்டும் போவது பெரும்பாலும் கொத்துதானுங்க.

பெருந்துறை பண்ணைக்காரர்:
அம்மிணி, முதலில் செவலையைத் தனியே எடுத்துவிடுங்க. சிவப்பைக் கண்டால் மற்றதெல்லாம் சேர்ந்து கொத்தும், உயிரே போய்விடும். புண்ணில் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசுங்க.

குடாப்பு ராத்திரி அடைய மட்டும்தான். 30 சதுர அடியில் 12 உருப்படி பகல் முழுக்க நின்றால் கிளறவும் இடமில்லை, மண்ணில் புரளவும் இடமில்லை. சும்மா இருக்கிற அலகு பக்கத்துக் கோழி மேல்தான் போகும்.

அடுத்தது தீனி. முட்டையிடும் கோழிக்குத் தீனியில் 16 சதவீதமாவது புரதம் வேண்டும். சோளத்தில் பத்துதான் தேறும், நொய்யில் அதைவிடக் குறைவு. இறகே புரதம்தான், அதனால்தான் அதைத் தின்கிறது. எங்கள் அப்பாரு செய்தது: பழைய மண்பானையில் காய்ந்த சாணி, சோளத்தட்டு, கிழிந்த சாக்கு திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார். விடியும்போது பானை நிறையக் கரையான். வெயில் ஏறுமுன் கோழிகளுக்குக் கொட்டிவிட வேண்டும். கடலைப் புண்ணாக்கும் போடலாம், பூசணம் பிடித்தது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ராத்திரி டார்ச் அடித்துக் கோழி அடைகிற குச்சிக்கு அடியிலும் பாருங்க. சிவப்பு உண்ணி பகலில் உடம்பில் இருக்காது, சந்தில் ஒளிந்திருக்கும்.

காங்கயம் தோட்டத்துக்காரி:
பார்த்தேனுங்க, உண்ணி இல்லை. வேப்பமரத்தடியில் வலை கட்டிப் பகலில் விட்டிருக்கிறேன், சாம்பல் குழியும் போட்டேன். கரையான் பானை மூன்றாம் நாள்தான் பிடித்தது. பத்து நாளில் கொத்து நன்றாகக் குறைந்துவிட்டது. கருப்பி மட்டும் விடவில்லை. செவலைக்கு முள் முள்ளாக இறகு கிளம்புகிறது, கூட்டத்தில் சேர்க்கப் பயமாக இருக்கிறது.

பெருந்துறை பண்ணைக்காரர்:
முளைக்கிற இறகுக்குள் ரத்தம் ஓடும், அதைத்தான் தேடிக் கொத்தும். செவலையைக் கூட்டத்தில் விட்டுவிட்டுக் கருப்பியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்க, ஒரு வாரம். தீனி, தண்ணியோடு கீரையும் உள்ளே வையுங்க. திரும்ப விடும்போது அதுதான் புதுசு, அடங்கி நிற்கும்.