பழைய குருத்தோலையில் திருநீறு செய்வது எப்படி? (பெங்களூரு)

ஃப்ரேசர்டவுன்_அன்பியம்:
தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று கத்தோலிக்கர் நெற்றியில் பூசும் திருநீற்றைச் செய்து தரும் பொறுப்பு இந்த வருஷம் எங்கள் அன்பியத்துக்கு (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) வந்திருக்கிறது. தமிழ்ப் பூசைக்குச் சுமார் 200 பேர் வருவார்கள். போன வருஷம் குருத்து ஞாயிறன்று (ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு) வாங்கி, சுரூபத்துக்கு (புனிதர் சிலை) பின்னால் செருகி வைத்த ஓலை, சிலுவையாகப் பின்னியது என்று வீடு வீடாகச் சேர்த்ததில் ஒரு சாக்கு தேறியது. எதில் எரிப்பது? எவ்வளவு கிடைக்கும்? தண்ணீர் விட்டுக் குழைக்கலாமா?

கோயில்பிள்ளை:
தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஓலைச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. தண்ணீரில் அது கரைந்தால் கார நீர்; ஒரு காலத்தில் துணி வெளுக்கச் சாம்பல் போட்டது இதற்காகத்தான். நெற்றியில் பட்டால் எரியும், சிவக்கும், கொப்புளம்கூட வரலாம். மந்திரிக்கும்போது சாமியார் (பங்குக் குரு) தெளிக்கும் தீர்த்தம் சில துளிதான், அதனால் பாதகமில்லை.

ஓலையை இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். ரிப்பன், நூல், ஸ்டேப்ளர் பின் எதுவும் இருக்கக் கூடாது. பின்னல் சிலுவைகளைப் பிரித்துவிடுங்கள். முடிச்சு வெளியே கருகி உள்ளே பழுப்பாகவே நிற்கும், பிறகு அரைபடாது. ஈர்க்கையும் உருவிவிடுங்கள். அதன் கரி சிம்புசிம்பாக உடைந்து தோலைக் கீறும். மிச்சத்தை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, இரும்புச் சட்டியில் ஒரு கைப்பிடியாகப் போட்டு எரியுங்கள். நான்-ஸ்டிக் கூடாது, பூச்சு கருகிப் புகையும்.

பக்குவம் இங்கேதான். தீ அடங்கி ஓலை கன்னங்கரேலென்று சுருளும்போது தட்டுப் போட்டு மூடிவிட வேண்டும். காற்று போனால் கரியாக நிற்கும். விட்டுவிட்டால் வெளுத்துச் சாம்பலாகிவிடும். நெற்றியில் தெரியாது, காரமும் கூடும், அளவும் குறையும். ஒரு கிலோ ஓலை வெளுக்க எரிந்தால் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும்.

மூடியபடி நன்றாக ஆறட்டும். உள்ளே கங்கு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அவசரப்பட்டு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டினால் டப்பா உருகும். பால்கனியில் எரிக்காதீர்கள், கோயில் வளாகமே சரி. பிறகு உரலில் இடித்து, டீ வடிகட்டியில் ஒரு முறை, வேட்டித் துணியில் ஒரு முறை சலியுங்கள். 200 பேருக்கு மூன்று மேசைக்கரண்டி போதும்.

மத்திகெரே_வாசகர்:
தண்ணீருக்குப் பதிலாக எண்ணெயில் குழைப்பது பற்றி ஒன்று. சில கோயில்களில் பொடியாகவே பூசுவார்கள், சாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் சேர்ப்பதானால் தேங்காயெண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். பிப்ரவரி காலையில் பெங்களூரில் கட்டி கட்டியாகிவிடும். நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ ஒரு கரண்டிக்கு நாலைந்து சொட்டு, பூசைக்குச் சற்று முன்னால். விரலில் ஒட்ட வேண்டும், வழியக் கூடாது.

கடையில் விற்கும் கரித்தூளைக் கலந்து அளவைக் கூட்டாதீர்கள். போன வருஷம் குருத்து ஞாயிறன்று நாம் ஓசன்னா பாடிக் கையில் பிடித்த ஓலைதான் இப்போது நெற்றிக்கு வருகிறது. அந்தத் தொடர்பு அறுந்துபோகக் கூடாது.

ஃப்ரேசர்டவுன்_அன்பியம்:
நன்றி. காலைப் பூசை முடிந்து நேராக ஆபீஸ் போகிறவர்கள் துடைத்துக்கொள்ளலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மிச்சத் திருநீற்றை என்ன செய்வது?

கோயில்பிள்ளை:
தாராளமாகத் துடைக்கலாம். இவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று திருச்சபை சட்டம் எதுவும் போடவில்லை. அன்று வாசிக்கும் மத்தேயு 6ஆம் அதிகாரமே நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவச் சொல்கிறது. வைத்துக்கொண்டு போகிறவரையும் யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் நோன்பை விடக் கூடாது: 18 முதல் 59 வயது வரை ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறு உணவு, அவ்வளவுதான். 14 வயது நிறைந்த எல்லாருக்கும் புலால் கிடையாது. ஆபீஸ் கேன்டீன் பிரியாணியை அன்றைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள்.

மந்திரித்த மிச்சத்தைக் குப்பையில் போடாமல், கோயில் தோட்டத்தில் ஆள் மிதிக்காத இடமாகப் பார்த்துப் புதைத்துவிடுங்கள்.