பஸ் ஸ்டாண்டில் தனியாக இருக்கும் பெண்: போலீஸ் கைவிரித்தால் யாரிடம் போவது?

மழைத்துளி:
பஸ் ஸ்டாண்ட் பின்பக்கம் ஒரு அம்மா, நாற்பது வயதிருக்கும். மூட்டையை இறுக்கிப் பிடித்தபடி தனக்குத்தானே பேசுகிறார். ராத்திரி தூங்குவதே இல்லையாம். ஸ்டேஷனில் "குற்றம் ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். 108 வந்தாலும் ஏற மாட்டேன் என்கிறார்.

சட்டப்பலகை:
குற்றம் எதற்கு? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100 போதும். மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷனின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தையும் தேட வேண்டும். வாயால் சொன்னால் எடுபடாது. மனுவாகக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். 'பைத்தியம்' என்று எழுதாமல் கண்டதை எழுதுங்கள்: சாப்பிடுவதில்லை, காலில் புண், ரோட்டில் இறங்குகிறார்.

வார்டு_சிஸ்டர்:
தூங்காததை உடனே நோய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். தெருவில் ராத்திரி கண்ணயர்வது பெண்ணுக்கு ஆபத்து. பலர் பகலில், ஆள் நடமாட்டத்தில்தான் தூங்குவார்கள். குளிக்காமல் இருப்பதும் சிலருக்கு, யாரும் நெருங்காமலிருக்க ஒரு பாதுகாப்புதான். ஆனால் தூக்கம் கெடக் கெட, இருக்கிற நோயும் முற்றும்.

மூட்டையைத் தொடாதீர்கள். பாதி ரகளை அதைப் பிடுங்குவதால்தான். நாலு ஆண்கள் சுற்றி நிற்காமல், ஒரு பெண் தள்ளி, பக்கவாட்டில் உட்காரட்டும். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் கொடுங்கள். திறந்ததில் ஏதோ கலந்திருப்பதாகச் சந்தேகம் வரும். காய்ச்சலோடு திடீர்க் குழப்பம் என்றால் தாமதிக்காதீர்கள், மூளைத் தொற்றாக இருக்கலாம்.

சேர்த்ததும் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, கர்ப்பப் பரிசோதனை கேளுங்கள். கடைசியைத்தான் மறந்துவிடுகிறார்கள். கர்ப்பம் தெரியாமல் வால்ப்ரோயேட் என்ற மனநல மருந்தைக் கொடுத்தால் சிசுவின் தண்டுவடம் பாதிக்கலாம்.

மழைத்துளி:
ஆதார் இல்லை. டிஸ்சார்ஜ் ஆனால் மறுபடி அதே பஸ் ஸ்டாண்டா?

மறுவாழ்வு_மேசை:
வீடற்றவருக்கு ரேஷன் கார்டு இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை இலவசம், அதே சட்டத்தில் இருக்கிறது. தங்குமிடத்துக்கு, சில மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் உண்டு. சென்னையில் 'தி பேன்யன்' என்ற தொண்டு நிறுவனம் 1993-இல் இப்படிப்பட்ட பெண்களுக்காகத் தொடங்கி இயங்குகிறது. உங்கள் பக்கம் என்ன இருக்கிறது என்று அரசின் மனநல உதவி எண் 14416-இல் விசாரியுங்கள்.

மாத்திரை தெருவில் நனையும், திருடுபோகும். டெப்போ ஊசி (மருந்து உடலில் மெல்ல இறங்கிப் பல வாரம் வேலை செய்யும்) பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃப்ளூஃபெனசின் என்றால் 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்று. அடுத்த ஊசி எங்கே, யார் கூட்டிப்போவது என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

குடும்பம் கிடைத்துவிட்டது என்று உடனே அனுப்பிவைக்காதீர்கள். அடி தாங்காமல் அந்த வீட்டைவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். சொந்தக்காரர்கள் பக்கத்தில் இல்லாதபோது அவரைத் தனியாகக் கேட்ட பிறகே முடிவு.