எம்.ஆர்.ஐ. நார்மல், ஆனால் அய்யனுக்குக் கை வெட்டியது

சிவகிரிக்காரன்:
போன கார்த்திகையில் ஆரம்பித்தது. அய்யனுக்கு 64 வயது, மஞ்சள் வெள்ளாமை. காப்பி டம்ளரை எடுத்தால் வலது கை சடக்கென்று ஒரு வெட்டு வெட்டும். அதே நொடி வாயும் அந்தப் பக்கமே கோணும். இரண்டு நொடிதான், ஆனால் நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. அப்புறம் மறதி. மோட்டாரைப் போட்டோமா என்று என்னையே மூன்று முறை கேட்டார். அம்மா பண்ணாரிக்கு வேண்டிக்கொண்டார். முதலில் பார்த்த டாக்டர் "வயசாச்சுங்க" என்று சத்து மாத்திரை எழுதினார். சோடியம் 122 என்று வந்தும், உப்பு ட்ரிப் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஏன் குறைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கோவையில் நரம்பியல் டாக்டரிடம் செல்போன் வீடியோவைக் காட்டினேன். எம்.ஆர்.ஐ. நார்மல், மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் இ.இ.ஜி.யிலும் ஒன்றுமில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோயோ (ஆட்டோஇம்யூன் என்செபலைடிஸ்) என்று சந்தேகப்பட்டு, ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் ஆன்டிபாடி டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, அது வர நாளாகும் என்று பெட் ஸ்கேன் எழுதினார். எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். பெட், எந்த இடம் எவ்வளவு சர்க்கரை எரிக்கிறது என்று காட்டும். கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றுவார்கள். அதிலுள்ள ப்ளோரின்-18, 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். நேரம் தப்பினால் மருந்து வீண். ஆறு மணி நேரம் வெறும் வயிறு. அய்யனுக்குச் சர்க்கரை உண்டு, நல்லவேளை அன்று 148தான்.

ஊசி போட்டு மங்கலான அறையில் படுக்க வைத்து, பேசக்கூடாது, போன் பார்க்கக்கூடாது என்றார்கள். பேசினால் பேச்சுக்கான இடம் கூடுதலாகச் சர்க்கரையை இழுத்துப் படம் குழம்புமாம். மஞ்சள் மண்டியில் ஒரு மணி நேரம் பேசியே விலை ஏற்றுகிற மனுசன் அரை மணி வாயை மூடிக் கிடந்தார்!

படத்தில் இரண்டு பக்கமும், ஞாபகத்துக்கான உள்மடிப்பும் கை கால் அசைவைக் கவனிக்கிற பேசல் கேங்லியாவும் அடுப்புக் கங்கு மாதிரி இருந்தன. "இதை மட்டும் வெச்சு நோய்க்குப் பேர் சொல்ல மாட்டனுங்க. ஆனா கை வெட்டு, சோடியம், மறதி, இந்தப் படம், நாலும் ஒண்ணாச் சேருது" என்று டாக்டர் அன்று மாலையே மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றத் தொடங்கினார், தினம் 1 கிராம், ஐந்து நாள். சர்க்கரை எகிறி இன்சுலின் போட வேண்டியதாயிற்று. ஆனால் கை வெட்டு நாலாம் நாளே பாதியாகிவிட்டது. எல்.ஜி.ஐ.1 என்ற ஆன்டிபாடி பாசிட்டிவ், அதாவது அந்த நோய்தான் என்ற ரிப்போர்ட் வந்தபோது நாங்கள் வீட்டுக்கே வந்துவிட்டோம்.

திருப்பூர் அக்கா:
எங்கள் அண்ணன் மகளுக்கு 19. தூக்கமில்லை, சம்பந்தமில்லாத பேச்சு. மந்திரிக்கத்தான் முதலில் போனோம், ஒளிக்க என்ன இருக்கிறது. அவளுக்குப் பெட் ஸ்கேனில் மூளையின் பின்பக்கம், பார்வைக்கான பகுதி, இருண்டிருந்தது. இதே நோயில் என்.எம்.டி.ஏ. ஆன்டிபாடி வகையில் அப்படி வருமாம். வயிற்றை ஸ்கேன் செய்ததில் சினைப்பையில் டெரடோமா கட்டி. அதை எடுத்த பிறகுதான் மெதுவாகத் தெளிந்தாள். டால்மாவ் என்ற டாக்டரும் அவர் குழுவும் இந்த வகையை அடையாளம் கண்டு எழுதியதே 2007இல்தான். அதற்கு முன்னால் இப்படி வந்த பிள்ளைகளை என்ன செய்தார்களோ.

பொள்ளாச்சி ராஜா:
நான் வேறு பக்கம் சொல்கிறேன். தம்பிக்கும் பெட்டில் சில இடம் மங்கலாக இருந்தது, அதுதான் நோய் என்று பயந்தோம். அப்போது அவன் தூக்க ஊசியிலும் வலிப்பு மாத்திரையிலும் இருந்தான்; அதனாலேயே மங்கித் தெரியும் என்று இன்னொரு டாக்டர் சொன்னார். ஆன்டிபாடி, முதுகு நீர், எல்லாமே சுத்தம். மனநல சிகிச்சையில்தான் தேறினான். ஸ்கேனுக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சிவகிரிக்காரன்:
சரிதானுங்க, எங்களிடமும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அய்யன் இப்போது மோட்டார் போட்ட நேரத்தைக் காலண்டரில் குறித்து வைக்கிறார். அந்த இரண்டு மாதம் அவருக்கு நினைவிலேயே இல்லை. அரை மணி நேரம் பேசாமல் கிடந்தீர்கள் என்றால், "போடா, நானாவது!" என்கிறார்.