தொலைகாட்டியும் பழைய கமராவும்: வன்னியில் கோள்களைப் படமெடுத்த அனுபவங்கள்

பரந்தன் வாசி:
கோள்களைப் படமெடுக்க விலை கூடிய கமரா வேணும் என்று நினைத்துத் தள்ளி நிற்கிறவர்களுக்காகத்தான் இதைத் தொடங்குகிறேன். என்னிடம் இருப்பது 114 மில்லிமீற்றர் ஆடியும் 900 மில்லிமீற்றர் குவியத்தூரமும் உள்ள சாதாரணத் தொலைகாட்டி. கமரா, லண்டனில் இருக்கிற மச்சான் ஊருக்கு வந்தபோது தந்துவிட்டுப் போன பழைய சின்னக் கமரா. கண்ணை வைத்துப் பார்க்கிற 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் போட்டால் 90 மடங்கு பெரிதாகத் தெரியும். அதற்குப் பின்னால் கமராவை நேராக வைத்து, ஓரத்தில் தெரியும் கறுப்பு வட்டம் மறையும்வரை சூம் பண்ணினால் வியாழன் திரையில் வந்து நிற்கும். இந்தச் சின்னக் கமராக்களில் பிக்சல்கள் மிக நெருக்கமாக இருப்பதால் கோள் சின்னதாக விழுந்தாலும் நிறையப் பிக்சல்களில் விழுகிறது, வில்லை சின்னதாக இருப்பதும் பார்வைத்துண்டோடு நன்றாகப் பொருந்துகிறது.

கையால் பிடித்தால் சரிவராது. எஸ்லோன் பைப்பில் ஒரு துண்டை வெட்டி, உள்ளே சைக்கிள் ரியூப் சுற்றிப் பார்வைத்துண்டில் இறுக்கி, ஒரு பலகையில் கமராவைத் திருகாணியால் பூட்டியிருக்கிறேன். கமராவின் வில்லை வெளியே நீளும்போது பார்வைத்துண்டில் முட்டாமல் இடைவெளி விடவேணும். அப்புறம் வெளிச்சம். கமராவைத் தன்பாட்டில் விட்டால் கறுப்பு வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டாக வரும். அதனால் வெளிச்ச அளவை மைனஸ் 2 வரை இறக்கி, குவியத்தைத் தூரக் காட்சிக்கான மலைக்குறியில் வைத்துவிட்டு, கூர்மையைத் தொலைகாட்டியில்தான் சரிசெய்யவேணும். வியாழனின் நிலவுகள் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிந்தால் கூர்மை சரி. வியாழனின் மேகப் பட்டைகள் தெரிகிற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்தால் நிலவுகள் மங்கிப்போகும், அதற்கு வேறாக ஒரு படம் எடுக்கவேண்டியதுதான்.

முக்கியமான விஷயம், படம் எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள். காற்று அசையும்போது கோளும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும், ஆனால் இடையிடையே ஒரு கணம் எல்லாம் தெளிந்து நிற்கும். வீடியோவில் அந்தக் கணங்களும் அகப்பட்டுவிடும். ரெஜிஸ்டாக்ஸ், ஓட்டோஸ்டக்கர்ட் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், நல்ல பிரேம்களை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். கோளின் பின்னால் தொலைகாட்டியைத் திருப்ப மோட்டர் இல்லை என்று கவலைப்படவேண்டாம், கோள் திரையின் ஒரு பக்கத்தால் வந்து மற்றப் பக்கத்தால் போகட்டும், மென்பொருள் அதைப் பிடித்து நடுவில் வைக்கும். வியாழன் 10 மணித்தியாலத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் பட்டைகள் குழம்பத் தொடங்கும்.

எங்களுக்கு இருக்கிற பெரிய வசதி இடம். 2018இல் சனி வானத்தின் தெற்கே இறங்கி நின்றபோது மச்சானுக்கு லண்டனில் அது 16 பாகை உயரத்துக்கு மேல் ஏறவில்லை, வீட்டுக் கூரைகளுக்கு மேலே கலங்கலாகத்தான் பார்த்தார். அதே சனி எங்கள் முற்றத்தில் 58 பாகை உயரத்தில் நின்றது. அந்த உயரத்தில் இடையில் இருக்கிற காற்று எவ்வளவு குறைவு என்று யோசித்துப் பாருங்கள்!

முல்லைக்காரன்:
அண்ணை, நான் 2020 மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். 21ஆம் திகதி வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை இடைவெளிக்கு வந்த நாள். மாத ஆரம்பத்தில்தான் புரேவிப் புயல் எங்கள் கரையால் ஏறிப் போயிருந்தது, அதற்குப் பிறகும் மழைக்காலம்தானே, அன்றைக்கு மேற்குப் பக்கம் முழுக்க முகில். அடுத்த நாள் பொழுதுபட்ட பிறகு கொஞ்ச நேரம் வெளித்தது. ஒரே வட்டத்துக்குள் வளையத்தோடு சனியும், நிலவுகளோடு வியாழனும்! அம்மம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன், கண்ணை எடுக்கவே இல்லை. படமெடுப்பதில் இருந்த சிக்கல், சனி வியாழனைவிட நல்லா மங்கல். வியாழனுக்குச் சரியான வெளிச்சத்தில் சனி தெரியவில்லை, சனிக்கு வைத்தால் வியாழன் வெளுத்துப்போனது. இரண்டையும் வேறுவேறாக எடுத்துச் சேர்த்தேன். அந்த இரண்டும் அப்படி நெருங்குவதை இனி 2080இல்தான் பார்க்கலாம்.

மாங்குளம் ஆசிரியை:
தம்பிமார், பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். கமராவின் சின்னத் திரையில் கோள் வந்தால் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து பார்க்கிறார்கள், பார்வைத்துண்டில் எங்கே கண்ணை வைப்பது என்று தடுமாறுவதில்லை. ஆனால் 2025 கடைசியில் சனியைக் காட்டினபோது வளையம் ஒரு மெல்லிய கோடுதான், புத்தகத்தில் இருக்கிற வளையம் எங்கே மிஸ் என்று கேட்டுவிட்டார்கள். அந்த வருஷம் பங்குனியில் வளையத்தின் தளம் பூமிக்கு நேரே வந்தது, ஏறத்தாழ 15 வருஷத்துக்கு ஒருமுறை அப்படி வரும் என்று ஒரு தொப்பியின் விளிம்பைச் சரித்துக் காட்டித்தான் விளங்கப்படுத்தினேன். அந்த மெல்லிய கோட்டுப் படம் இப்போது வகுப்பறைச் சுவரில் இருக்கிறது, ஒவ்வொரு வருஷமும் பக்கத்தில் ஒரு படம் ஒட்டி வளையம் திறப்பதைக் காட்டப்போகிறோம். எந்த மாதங்கள் நல்லது? சோளகக் காற்றுத் தொடங்கினால் எங்கள் பக்கம் தொலைகாட்டி நடுங்கிக்கொண்டே நிற்கிறது.

பரந்தன் வாசி:
அக்கா, மாசியும் பங்குனியும்தான் என் தெரிவு. மழை ஓய்ந்திருக்கும், சோளகம் இன்னும் வந்திருக்காது. பனி விழுந்தால் பார்வைத்துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்கி எடுங்கள். சோளகத்தில்தான் எடுக்கவேணும் என்றால் வீட்டுச் சுவரின் மறைப்பில் வையுங்கள், தகரக்கூரைக்கு மேலால் மட்டும் பார்க்கவேண்டாம், பகல் சூடு இரவு வெகுநேரம் மேலே கிளம்பிக்கொண்டிருக்கும். மோட்டர் உள்ள ஸ்டாண்ட் வாங்குகிறவர்களும் ஒன்றைப் பார்த்து வாங்கவேணும்: அதன் அச்சைத் துருவ வெள்ளியை நோக்கிச் சரிக்கவேணும், அது எங்களுக்கு 9 பாகை உயரத்தில்தான், என் வளவில் அது பனைகளுக்குப் பின்னால் மறைந்தே போகிறது, சில ஸ்டாண்டுகள் அவ்வளவு கீழே சரியாது. குளக்கட்டுக்குப் போகிறவர்கள் யானை நடமாட்டத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். இருட்டில் முக்காலியில் ஒரு நீளக் குழாய் நின்றால் இந்த மண்ணில் ஆட்கள் பயப்படுவார்கள், அதனால் அயலவர்களுக்கு முதலே சொல்லி அவர்களையும் பார்க்கக் கூப்பிடுங்கள். கோள்களுக்கு இருட்டு அவ்வளவு தேவையில்லை, உங்கள் பள்ளிக்கூட முற்றமே போதும்.