மறு: பயிற்சி 'மதிப்பீடு' வேண்டாம், 'பயனாய்வு' பொருந்துமா? – சூழல் பிணக்குத் தீர்வு இழை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி சுருக்கமானதுதான். அணை, சுரங்கம், காடு, ஆற்று நீர் என்று வரும் சச்சரவுகளை வழக்குமன்றம் வரை போகவிடாமல் பேசித் தீர்க்க அரசு அலுவலர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பயிற்சியால் பயன் விளைந்ததா என்று ஆராய்வதற்குத் தமிழில் என்ன பெயர்? இதுவரை வந்தவை: 'சுற்றுச்சூழல் மோதல் தீர்ப்புப் பயிற்சி மதிப்பீடு', 'சூழலியல் முரண்பாட்டுத் தீர்வுப் பயிற்சி மதிப்பீடு', 'சூழல் சமரசப் பயிற்சித் தரநிர்ணயம்'. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எளிதானதை முடித்துவிடலாம். 'சூழலியல்' ஒரு அறிவியல் துறையின் பெயர். இங்கே சண்டை அறிவியலில் இல்லை, ஆற்றிலும் காட்டிலும் இருக்கிறது. 'சூழல்' போதும்.

அடுத்தது 'மோதல்'. நாளிதழில் இந்தச் சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். லாரியும் பஸ்ஸும் நேருக்கு நேர் மோதல், இருதரப்பு மோதல், போலீஸ் குவிப்பு. நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயத்துக்கு இது ஒட்டாது. 'முரண்பாடு' இன்னொரு பக்கம் போகிறது. ஒருவரே நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் பேசினால் அதுவும் முரண்பாடுதான். 'தகராறு' சட்டத்தில் நிலைத்த சொல். தொழில் தகராறுகள் சட்டம், 1947 என்றும், மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டம், 1956 என்றும் எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் தெருவில் அதன் பொருள் வேறு. 'குடித்துவிட்டுத் தகராறு செய்தார்' என்கிறோம். ஒரு விவசாயி தன் நிலத்துக்காகப் பேசுவதை அந்தச் சொல்லால் குறிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் 'பிணக்கு' பக்கம் நிற்கிறேன். பங்காளிகளுக்குள் பிணக்கு, கணவன் மனைவிக்குள் பிணக்கு என்கிறோம். உறவு அறுந்துவிடவில்லை, கோணியிருக்கிறது, நாளைக்கும் ஒரே ஊரில்தான் இருக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. சூழல் பிணக்கின் இயல்பும் அதுதான். ஆற்றின் மேல்கரைக்காரரும் கீழ்கரைக்காரரும் ஒப்பந்தத்துக்குப் பிறகும் அதே ஆற்றில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். 'இணக்கம்' என்று அதற்கு நேரெதிர்ச் சொல்லும் கையோடு கிடைக்கிறது. ஆனால் துறைக்கே 'சூழல் இணக்கம்' என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனை சரிவராது. துணிப்பையையும் சாணக் காகிதத்தையும்கூட நாம் 'சூழல் இணக்கமான' பொருள்கள் என்றுதான் சொல்கிறோம்.

இனி 'தீர்ப்பா', 'தீர்வா'. இதைச் சின்ன வேறுபாடு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிணக்கு தீர்ந்தது என்றால் தன்வினை, அதன் பெயர் தீர்வு. நீதிபதி வழக்கைத் தீர்த்தார் என்றால் பிறவினை, அதன் பெயர் தீர்ப்பு. வெளியிலிருந்து ஒருவர் சொல்லி முடித்தால் தீர்ப்பு, உள்ளே இருப்பவர்கள் பேசி முடித்துக்கொண்டால் தீர்வு. இந்தத் துறையின் அடிப்படையே அதுதான்: நடுவில் உட்காருபவர் பேச வைப்பார், கேட்க வைப்பார், ஆனால் முடிவு சொல்ல மாட்டார். தமிழ் இலக்கணம் இதை ஒரே வேர்ச்சொல்லில் பிரித்து வைத்திருக்கும்போது நாம் கலக்கக் கூடாது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் 'சமரச மையம்' பழகிவிட்டது, இலங்கை நண்பர்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 'மத்தியஸ்த சபை' பழக்கம். அவை அமைப்புகளின் பெயர்கள், அப்படியே இருக்கட்டும். துறைக்குச் 'சூழல் பிணக்குத் தீர்வு'.

ஆனால் 'தீர்வு' என்ற சொல்லிலும் ஒரு ஆபத்து உண்டு. அதைச் சொல்ல அமெரிக்காவுக்குப் போக வேண்டும், ஏனென்றால் இந்தத் துறை அங்கேதான் வளர்ந்தது. வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே, ஸ்னோக்வால்மி ஆறு. 1959இல் பெரிய வெள்ளம் வந்தபின், ராணுவப் பொறியாளர் படை அங்கே ஒரு அணை கட்டத் திட்டமிட்டது. விவசாயிகள் அணை வேண்டும் என்றார்கள். சூழல் ஆர்வலர்கள் கூடாது என்றார்கள். பல ஆண்டுகள் இழுத்தது. பிறகு ஜெரால்ட் கார்மிக், ஜேன் மெக்கார்த்தி என்ற இருவர், ஆளுநர் டான் எவன்ஸின் ஆதரவோடு, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். பேசப் பேசத் தெரிந்த விஷயம்: விவசாயிக்கு வேண்டியது அணை அல்ல, வெள்ளம் புகாத வயல். ஆர்வலர் பயந்தது அணைக்காக மட்டுமல்ல. வெள்ளம் நின்றால் அந்தச் சமவெளி முழுக்க வீட்டுமனைகளாகிவிடும் என்றும் பயந்தார்கள். வயல் வயலாகவே இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம்! 1974 முடிவில் ஒப்பந்தம் ஆயிற்று. வேறொரு கிளையாற்றில் அணை கட்டலாம், கரைகளைத் தள்ளிக் கட்டலாம், சமவெளியில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்நாட்டில் சூழல் பிணக்கொன்றை நடுவில் ஆள் வைத்துப் பேசித் தீர்த்த முதல் நிகழ்வு என்று இதைத்தான் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தில் சொன்ன அந்த அணையும் கடைசிவரை கட்டப்படவே இல்லை.

அப்படியானால் அது வெற்றியா, தோல்வியா? 'தீர்வு' என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால், கையெழுத்து ஆன நாளோடு எண்ணிக்கை முடிந்துவிடும். பிறகு என்ன ஆயிற்று, பேசியவர்கள் மறுபடி பேசினார்களா, அடுத்த பிரச்சினையில் உடனே வழக்குப் போட்டார்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. இந்தக் குறை அங்கேயும் உணரப்பட்டது என்றே நினைக்கிறேன். 1998இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அரிசோனாவின் டூசான் நகரில், யூடால் அறக்கட்டளையின் கீழ் இதற்கென ஒரு தேசிய நிறுவனம் அமைத்தது. அரசுத் துறைகள் சேர்ந்த பிணக்குகளுக்கு நடுவில் உட்காருபவர்களை ஏற்பாடு செய்வதும் பயிற்சி தருவதும் அதன் வேலை. 2005இல் வெள்ளை மாளிகையின் சூழல் மன்றமும் வரவுசெலவு அலுவலகமும் சேர்ந்து எல்லாத் துறைகளுக்கும் இதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்பின. 2012இல் அதைப் புதுப்பித்தபோது பெயரையே மாற்றினார்கள். முன்பு வெறும் 'சூழல் பிணக்குத் தீர்வு' என்றிருந்தது, அதன் முன்னால் 'கூட்டுச்செயல்' சேர்ந்துகொண்டது. பிணக்கு முற்றும் முன்பே சேர்ந்து உட்காருவதும் இந்த வேலைதான் என்று அந்தப் பெயர் சொல்கிறது. பாடநூலில் முழுப்பெயர் வேண்டும் என்றால் 'சூழல் கூட்டுச்செயலும் பிணக்குத் தீர்வும்' என்று வைக்கலாம். அன்றாட எழுத்துக்குச் சின்னது போதும்.

சரி, இனி என் மனதில் நிஜமாகவே கிடந்து உறுத்தும் சொல்லுக்கு வருகிறேன். 'மதிப்பீடு.'

இந்தச் சொல்லின் மேல் ஏற்கெனவே எத்தனை சுமை இருக்கிறது பாருங்கள். பொதுப்பணித் துறையில் பாலம் கட்ட எவ்வளவு ஆகும் என்று போடுவது மதிப்பீடு. வங்கிக்காரர் வந்து வீட்டுக்கு விலை சொல்வது மதிப்பீடு. தொழிற்சாலைக்கு முன் நடப்பது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. பள்ளியில் பிள்ளைக்கு மதிப்பெண் போடுவதும் மதிப்பீடுதான். 'பயிற்சி மதிப்பீடு' என்றதும் பயிற்சிக்கு வந்த அலுவலர் என்ன நினைப்பார்? தனக்கு மார்க் போடப்போகிறார்கள் என்றுதான். 'தரநிர்ணயம்' இன்னும் மோசம், அரிசிக்கும் பருத்திக்கும் செய்வது அது.

இதை நான் நேரில் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாவட்டத் தலைநகரில், கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மக்களோடு பேசுவது எப்படி என்று அலுவலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அதற்கான கேள்வித்தாளைத் தமிழாக்கியவன் நான். இரண்டாம் நாள் மாலை, டீயும் வடையும் வந்த அதே நேரத்தில் தாளையும் கொடுத்தார்கள். வெளியே வண்டி நின்றுகொண்டிருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, எல்லாத் தாளும் திரும்பி வந்துவிட்டன. 'மிக நன்று' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு, சில தாள்களில் எண்ணெய்க் கறை. ஒரே ஒருவர் மட்டும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய வருவாய் ஆய்வாளர். அருகில் போனேன். எட்டாவது கேள்வியில் விரலை வைத்து, "தம்பி, என் நடத்தையில என்ன குறை கண்டீங்க?" என்று கேட்டார். நான் எழுதியிருந்தது: 'இப்பயிற்சியால் உங்கள் நடத்தையில் ஏற்படும் மாற்றம் யாது?'

அவர் கேட்டது நியாயம். அரசு ஊழியருக்கு 'நடத்தை' என்றால் நடத்தை விதிகள், அதை மீறினால் குறிப்பாணை. பள்ளியை விட்டு வரும்போது தருவது நடத்தைச் சான்றிதழ். ஒரு பெண்ணைப் பற்றி யாராவது 'நடத்தை' என்று பேச்செடுத்தால் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று நமக்குத் தெரியும். நான் அகராதியைப் பார்த்து எழுதிவிட்டேன். மனிதர் அதைத் தன் முப்பது வருட வேலையின் மேல் விழுந்த பழியாகப் படித்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லை அன்றிலிருந்து இந்தத் துறையில் நான் எழுதுவதில்லை.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்றால், டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளிலிருந்து. பயிற்சியின் பயனை நான்கு படிகளில் பார்க்கச் சொன்னார், இன்றுவரை பயிற்சித் துறையில் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் நூல்களில் அவை 'எதிர்வினை, கற்றல், நடத்தை, முடிவுகள்' என்று வருகின்றன. 'எதிர்வினை' மருந்து ஒத்துக்கொள்ளாததுபோல் இருக்கிறது. 'முடிவுகள்' தேர்வு முடிவுகள். நான் முன்வைப்பது: பிடித்தது, கற்றது, கைக்கொண்டது, விளைந்தது. பெயர்களே கேள்விகளாகவும் ஆகும். பயிற்சி பிடித்ததா? எதைக் கற்றார்? கற்றதில் எதைக் கைக்கொண்டார்? அதனால் என்ன விளைந்தது? நான்கையும் சேர்த்துப் பார்ப்பது 'பயிற்சிப் பயனாய்வு'.

இந்த நான்கில் மூன்றாவதுதான் உயிர், சொல்லைத் தேட வேண்டியதும் அங்கேதான். பிடித்ததா என்பதை வடையோடு கேட்டுவிடலாம். விளைந்ததா என்பதற்கு வருடக்கணக்காகும். அதற்குள் தேர்தல் வரும், மழை பொய்க்கும், வழக்கு வேறொரு நீதிமன்றத்துக்குப் போகும். நல்லது நடந்தாலும் அது பயிற்சியால்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. கைக்கொண்டது மட்டும்தான் ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் கண்ணால் பார்க்கக்கூடியது. முன்பு கூட்டத்தில் கோப்பைப் பார்த்துப் படித்தவர் இப்போது எதிரே இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறாரா? 'அணை வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால், ஏன் வேண்டாம் என்று கேட்கிறாரா? ஸ்னோக்வால்மியில் கதவு திறந்தது அந்த 'ஏன்' கேட்டபோதுதான்.

'கைக்கொள்ளல்' பழைய நடை என்று சொல்வீர்கள். 'பின்பற்றல்' இருக்கிறதே என்றும் கேட்கலாம். பின்பற்றுவதற்கு முன்னால் ஒருவர் போக வேண்டும். கைக்கொள்வது என்பது நமக்கு வேண்டியதை நாமே எடுத்து நம்முடையதாக்கிக்கொள்வது. ஒரு அலுவலரைப் பார்த்து 'எதைக் கைக்கொண்டீர்கள்?' என்று கேட்டால் அதில் மரியாதை இருக்கிறது.

இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு முன்னால் 'பேச்சுவார்த்தை நடத்த எனக்கு நன்றாகத் தெரியும்' என்று ஐந்துக்கு நான்கு போட்டுக்கொண்டவர், நல்ல பயிற்சி முடிந்தபின் மூன்று போடுவதும் உண்டு. திறமை குறையவில்லை. தெரியாதது எவ்வளவு என்று இப்போதுதான் தெரிகிறது, அளவுகோலே மாறிவிட்டது. முன்பின் மதிப்பெண்ணை மட்டும் கழித்துப் பார்த்தால் நல்ல பயிற்சி வீண் பயிற்சியாகத் தெரியும். இதை 'அளவுகோல் நகர்வு' என்று சொல்லலாமா? அதனால்தான் முடிந்தபிறகு இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள்: 'இப்போது எவ்வளவு தெரியும்? அன்று உண்மையில் எவ்வளவு தெரிந்திருந்தது?' இதற்குப் 'பின்னோக்குக் கணிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

'பயனாய்வு' பற்றி ஒரு தடை எனக்கே தெரிகிறது. பொருளியலில் 'செலவு-பயன் ஆய்வு' இருக்கிறதே, குழம்பாதா? அங்கே செலவும் பயனும் இரட்டையாகவே வரும், இங்கே 'பயிற்சிப் பயனாய்வு' என்று முன்னொட்டோடு வரும். குழம்பாது என்று நம்புகிறேன். பொருளியல் நண்பர்கள் மறுத்தால் 'பயிற்சிப் பயனறிதல்' என்று மாற்றிக்கொள்ளவும் எனக்குச் சம்மதம். 'மதிப்பீடு' மட்டும் வேண்டாம்.

அப்புறம், யாரிடம் கேட்பது என்பதையும் சொல்லே தீர்மானிக்கிறது. மதிப்பீடு என்றால் பயிற்சி பெற்றவரை மட்டும் கேட்டு முடித்துவிடுவோம். பயன் என்றால் யாருக்குப் பயன் என்ற கேள்வி வந்துவிடும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த விவசாயியையும் மீனவரையும் பழங்குடிப் பெண்ணையும் கேட்க வேண்டிவரும். பயிற்சி பெற்றவருக்கு அவருடைய மேலதிகாரி பேச இடம் கொடுத்தாரா என்றும் பார்க்க வேண்டிவரும். பயிற்சி பெற்றவரை மூன்றாம் மாதமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டால், கைக்கொண்டது அவரோடு போய்விடும். அதைப் பயிற்சியின் தோல்வி என்று எழுதுவது அநியாயம்.

அந்தக் கேள்வித்தாளை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டாவது கேள்வி இப்போது இப்படி இருக்கிறது: 'பயிற்சியில் கற்ற எதையாவது கடந்த ஆறு மாதத்தில் கைக்கொண்டீர்களா? எந்தக் கூட்டத்தில், யாரோடு பேசும்போது? அவர் என்ன சொன்னார்?' பதில் எழுத ஒரு கட்டம் போதாது என்று அரைப்பக்கம் விட்டிருக்கிறேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் யாராவது இதைத் தங்கள் மேசையில் வந்த தாளாக நினைத்துப் படித்துப் பார்த்து, எந்தச் சொல்லில் நெருடுகிறது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்