ஜாவானியம், போலிஷ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. இந்த இரண்டு மொழிகளிலும் மரியாதைப் பேச்சை ஒப்பிட்டுக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன், பாதியில் மாட்டிக்கொண்டேன்.

ஜாவானியத்தில் 'சாப்பிடு' என்பதற்கே மூன்று சொற்கள். நண்பனிடம் 'மங்ஙான்'. பணிவான 'க்ரமா' நடையில் தன்னைப் பற்றிச் சொன்னால் 'நெடா'. பெரியவர் சாப்பிட்டால் 'டஹார்'. இந்த 'டஹாரை'த் தனக்கே போட்டுக்கொள்ளக் கூடாது. "நான் எழுந்தருளினேன்" என்பது போல ஆகிவிடும்!

போலிஷில் வினைச்சொல் அப்படியே இருக்கும். ஆனால் எதிரே நிற்பவரையே படர்க்கையில் கேட்க வேண்டும்: 'பான் யே?', அதாவது "ஐயா சாப்பிடுகிறாரா?" பெண் என்றால் 'பானி'. ஏழு வேற்றுமைகள் தனித் தலைவலி. வீடு, வீட்டை, வீட்டுக்கு என்று பழகிய நமக்கு அது பரவாயில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஜாவாத் தீவில் யோக்யகர்த்தா, சோலோ பக்கம் இருந்தவர்களே, பிள்ளைகள் அப்பா அம்மாவிடம் இப்போதும் க்ரமாவில் பேசுகிறார்களா, இல்லை இந்தோனேசிய மொழிக்குத் தாவிவிடுகிறார்களா? அப்புறம், போலந்தில் வேலை பார்ப்பவர்களே, அலுவலகத்தில் 'பான்' எப்போது 'தி' (நீ) ஆகிறது? அதை யார் முதலில் ஆரம்பிப்பார்? நீங்கள் காதால் கேட்ட ஒரு வாக்கியம் கிடைத்தாலும் போதும்.